சாயங்கால அழுகையும் ஒரு பாட்டில் பவுடர் பாலும்

கேள்வி: முதல் குழந்தை. சிசேரியன் ஆகி 18 நாள். பிறந்தபோது எடை 2.9 கிலோ, 5-ஆம் நாள் 2.7, நேற்று 3.05. ஒரு நாளைக்கு 7, 8 முறை சிறுநீர் போகிறான். சாயங்காலம் 6 மணிக்கு ஆரம்பித்தால் இரவு 11 வரை, மார்பை விட்டு எடுத்தாலே அழுகை. முதல் வாரம் கல்லாகக் கட்டியிருந்த மார்பு இப்போது மெத்தென்று ஆகிவிட்டது. பால் வற்றிவிட்டது என்கிறார்கள் வீட்டில். 4 நாளாக இரவு ஒரு பாட்டில் பவுடர் பால் கொடுக்கிறோம். செரிக்கட்டும் என்று 60 மில்லி தண்ணீருக்கு 1 அளவுக் கரண்டிதான் போடுகிறோம். குடித்ததும் தூங்கிவிடுகிறான். நான்தான் தூக்கமில்லாமல் அவனோடு சேர்ந்து அழுகிறேன். எனக்குப் பால் போதவில்லையா?

பதில்: போதுகிறது. நீங்கள் எழுதிய எண்களே அதைச் சொல்கின்றன. முதல் சில நாளில் எடை குறைவது பெரும்பாலான குழந்தைகளுக்கு உண்டு. 10 சதவீதம் வரை குறையலாம். உங்கள் மகனுக்கு 7 சதவீதம்தான். அதன் பிறகு 13 நாளில் 350 கிராம் ஏறியிருக்கிறான், அதாவது நாளுக்கு ஏறக்குறைய 27 கிராம். 20 முதல் 30 கிராம் ஏறினாலே நாங்கள் திருப்திப்படுவோம். சிறுநீரும் 6 முறைக்கு மேல் போகிறது. பால் போதுகிறதா என்பதற்கு எடையும் நனைந்த துணியும்தான் சாட்சி. அழுகையை வைத்து அதை முடிவு செய்யக்கூடாது.

மார்பு மெத்தென்று ஆனதற்கும் பால் வற்றியதற்கும் சம்பந்தமில்லை. முதல் வாரத்தில் பாலோடு ரத்த ஓட்டமும் நீரும் சேர்ந்து வீங்குவதால்தான் அப்படிக் கட்டுகிறது. இரண்டு மூன்று வாரத்தில் குழந்தை குடிக்கும் அளவுக்குச் சுரப்பு பழகிக்கொள்ளும், வீக்கமும் வடியும்.

சாயங்காலத்தில் பல குழந்தைகள் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி குடிப்பார்கள். இரண்டாவது வாரத்தில் அதிகமாக ஆரம்பிக்கும் இந்த அழுகை 6-ஆவது வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் அடங்கும். அதாவது, இன்னும் சில வாரம் கூடத்தான் செய்யும். இதை வீட்டில் எல்லாருக்கும் இப்போதே சொல்லிவிடுங்கள். தெரியாமல் இருந்தால் அன்றைக்கும் பாட்டில்தான் முதலில் நினைவுக்கு வரும்.

எனக்குக் கவலை அந்தப் பாட்டிலைப் பற்றித்தான். பெரும்பாலான டப்பாக்களில் 30 மில்லி தண்ணீருக்குத் தலைதட்டி 1 கரண்டி என்றுதான் போட்டிருக்கும். நீங்கள் கொடுத்தது பாதிச் சத்து. வயிற்றை நிரப்பியது பெரும்பாலும் தண்ணீர். இதை அதிகமாகக் கொடுத்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்பு வரைக்கும் போகும். ஏறிய எடை உங்கள் பாலில் ஏறியது. இன்னொரு பக்கம், பாட்டில் குடித்துவிட்டு அவன் தூங்கும் நேரத்தில் மார்பு காலியாவதில்லை. காலியாகாத மார்பு அடுத்த நாள் குறைவாகத்தான் சுரக்கும். பால் சுரக்கவைக்கும் ஹார்மோன் இரவில்தான் கூடுதலாக இருக்கும் என்பதால், இரவு ஊட்டலை விடுவது இரட்டை நஷ்டம்.

இன்றே நிறுத்திவிடலாம். முதல் இரண்டு மூன்று இரவு சிரமப்படுவான். ஒரு வாரம் கழித்து அதே தராசில், துணியில்லாமல் எடை பாருங்கள். 140 கிராமுக்குக் குறையாமல் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் குழந்தை மருத்துவர் பார்த்துச் சொல்லும் அளவில் மேல்பால் கொடுக்கலாம், அதில் தவறில்லை.

தையல் வலித்தால் குழந்தையை வயிற்றின் மேல் வைக்காமல், கை இடுக்கில் கால்கள் பின்பக்கம் போகும்படி, தலையணை வைத்து ஏந்துங்கள். வாயை நன்றாகத் திறந்த பிறகு மார்போடு அணையுங்கள். தாடை மார்பைத் தொட்டு, கீழ் உதடு வெளியே மடிந்திருக்க வேண்டும். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் மேல் உதட்டுக்கு மேலேதான் அதிகம் தெரியவேண்டும். இரண்டு மூன்று உறிஞ்சலுக்கு ஒருமுறை 'க்' என்று விழுங்கும் சத்தம் கேட்கும். குடித்து முடித்த காம்பு லிப்ஸ்டிக் முனை போல ஒரு பக்கம் சப்பையாக இருந்தால், பிடிப்பு சரியில்லை; சுண்டுவிரலை வாயோரத்தில் நுழைத்து விடுவித்து மறுபடி வையுங்கள். ஒரு பக்கம் தானாக விட்ட பிறகு மறுபக்கம். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை.

கிரைப் வாட்டர், ஓமத் தண்ணீர், தேன் எதுவும் வேண்டாம். தேனில் உயிரைப் பறிக்கும் நச்சுக் கிருமி இருக்கலாம்; ஒரு வயது வரை தொடக்கூடாது. நீங்கள் மட்டும் தாகத்துக்குத் தாராளமாகத் தண்ணீர் குடியுங்கள். பச்சை உடம்புக்குத் தண்ணீர் ஆகாது என்பதில் உண்மையில்லை.

அழுகை திடீரென்று கீச்சென மாறினாலோ, குடிக்க மறுத்துத் துவண்டு கிடந்தாலோ, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, மூச்சு நிமிடத்துக்கு 60-ஐத் தாண்டினாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கடைசியாக, உங்கள் அழுகை. பிரசவத்துக்குப் பின் வரும் லேசான மனவாட்டமும் அழுகையும் பெரும்பாலும் இரண்டு வாரத்தில் விலகிவிடும். உங்களுக்கு 18 நாள் ஆகிவிட்டது. முதலில் தூக்கத்தைச் சரிசெய்வோம்: இரவு ஒவ்வொரு ஊட்டலுக்குப் பிறகும் தோளில் போட்டு ஏப்பம் எடுப்பது, துணி மாற்றுவது, மல்லாக்கப் படுக்கவைப்பது எல்லாம் உங்கள் கணவர் வேலை. பால் கொடுத்ததும் நீங்கள் கண்ணை மூடிவிடுங்கள். குழந்தை தூங்கும்போதும் உங்களால் தூங்க முடியவில்லை, எதிலும் பிடிப்பில்லை, உங்களுக்கோ குழந்தைக்கோ தீங்கு செய்யும் எண்ணம் வருகிறது என்றால் யாரிடமும் மறைக்காதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. எந்த நேரமும் கட்டணமின்றிப் பேசலாம். அப்படி எதுவும் இல்லாவிட்டாலும், அடுத்த வாரம் எடை பார்க்கப் போகும்போது உங்கள் அழுகையைப் பற்றியும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.