தோள் மூட்டு மறுபடி மறுபடி நழுவுவது ஏன்?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. வாலிபால் ஆடும்போது வலது தோள் மூட்டு முன்பக்கமாக விலகியது. மருத்துவமனையில் சரிசெய்து மூன்று வாரம் தூளி போட்டார்கள். நான்கு மாதம் கழித்து, தூக்கத்தில் கையைத் தலைக்கு மேல் வைத்தபோதே மீண்டும் விலகிவிட்டது. ஆபரேஷன் அவசியமா டாக்டர்?

பதில்: தூக்கத்தில் விலகியது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. தோளில் மேற்கை எலும்பின் தலை ஒரு பெரிய பந்து, அது பொருந்தும் தோள்பட்டைக் குழி ஆழமில்லாத சின்னக் கிண்ணம். கிண்ணத்தின் ஓரத்தில் லேப்ரம் என்ற நார்த்திசு வரப்பு போல நின்று பந்தைத் தடுக்கிறது. உயர்த்திய கை பின்னால் தள்ளப்படும்போது பந்து முன்னே பாய்ந்து, அந்த வரப்பைக் கீழ் முன்பகுதியில் பிய்த்துவிடும். இது பாங்கார்ட் கிழிசல். வெளியே வந்த பந்தின் பின்பக்கம் கிண்ண விளிம்பில் மோதி நசுங்குவது ஹில்-சாக்ஸ் பள்ளம். மூட்டை உள்ளே போட்டதால் பந்து இடத்துக்கு வந்தது. கிழிசல் பெரும்பாலும் சரியான இடத்தில் ஒட்டுவதில்லை. தூளியைக் கூடுதல் வாரங்கள் மாட்டினாலும் பெரிய பலனில்லை. இருபது வயதுக்குக் கீழே, அதுவும் விளையாடுகிறவர்களுக்கு, மறுபடி விலகும் வாய்ப்பு மிக அதிகம்.

மருத்துவர் மகனைப் படுக்கவைத்து, கையைப் பக்கவாட்டில் 90 டிகிரி விரித்து, முழங்கையை மடக்கி, முன்கையை மெல்லத் தலைப்பக்கம் சாய்ப்பார். "வேண்டாம், கழண்டுடும்" என்று முகம் மாறினால் சோதனை பாசிட்டிவ். வலி மட்டும் இருந்தால் போதாது. அந்தப் பயம்தான் அடையாளம். தோளின் முன்பக்கத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்ததும் பயம் அடங்கினால் சந்தேகமே வேண்டாம்.

சாதாரண அசைவிலேயே நழுவுவதால் கிண்ணத்தின் எலும்பும் தேய்ந்திருக்கலாம். எம்.ஆர்.ஐ. கிழிசலைக் காட்டும், எலும்பிழப்பை அளக்க முப்பரிமாண சி.டி. கட்டாயம் கேளுங்கள். இழப்பு குறைவென்றால் நுண்துளை வழியே லேப்ரத்தைத் தைப்பார்கள். 20 சதவீதத்தைத் தாண்டினால் தையல் மட்டும் தாங்காது. தோள்பட்டை எலும்பின் முன்பக்கம் கொக்கி போல நீளும் கோரகாய்டு எலும்பை வெட்டி, கிண்ணத்தின் முன்விளிம்பில் திருகும் லட்டார்ஜே முறை தேவைப்படும். உங்கள் மகனுக்கு நான் அறுவையையே பரிந்துரைப்பேன். மோதி ஆடும் ஆட்டத்துக்குத் திரும்ப சுமார் ஆறு மாதம் ஆகும்.

கேள்வி: விலகிய தோளை மைதானத்திலேயே இழுத்துப் போடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். எலும்பு முறிந்திருந்தால் முறிவு இன்னும் மோசமாகலாம். அக்குளில் குதிகாலை ஊன்றி இழுப்பது நரம்பையே காயப்படுத்தலாம். கை இருக்கும் நிலையிலேயே துணியால் தாங்கி அழைத்துப் போங்கள். மயக்க மருந்து தேவைப்படலாம், எதுவும் சாப்பிடக் கொடுக்காதீர்கள். மேற்கையின் வெளிப்பக்கம் மரத்திருக்கிறதா, மணிக்கட்டில் நாடி துடிக்கிறதா என்று மூட்டைப் போடுவதற்கு முன்னும் பின்னும் பார்க்க வேண்டும், எக்ஸ்ரேவும் அப்படியே. நாற்பது வயதைத் தாண்டியவருக்கு, மூட்டைப் போட்ட பிறகும் கையைத் தூக்க முடியாவிட்டால், தசைநாண் அறுந்திருக்கிறதா என்று ஸ்கேன் பாருங்கள்.

கேள்வி: அடியே படாமல் என் இரண்டு தோள்களும் 'லூசாக' நழுவுகின்றன. கட்டைவிரலை வளைத்தால் முன்கையைத் தொடுகிறது.

பதில்: உங்களுக்குத் தசைநார்களே பிறவியிலிருந்து தளர்வானவை. கத்தியை முதலில் நாட வேண்டாம். தோள்பட்டை எலும்பைச் சுற்றியுள்ள தசைகளையும், கையைச் சுழற்றும் தசைகளையும் பலப்படுத்தும் பயிற்சியை, பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் குறைந்தது ஆறு மாதம் விடாமல் செய்யுங்கள். மற்றவர்களுக்குக் காட்டுவதற்காக வேண்டுமென்றே நழுவவைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள்.