"இயேசப்பா ஏன் அம்மாவைக் காப்பாற்றவில்லை?"

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: எட்டு மாதங்களுக்கு முன் என் அக்காவும் அத்தானும் சாலை விபத்தில் இறந்துவிட்டார்கள். அவர்களின் 7 வயது மகள் எங்களிடம் வளர்கிறாள். முறைப்படி தத்தெடுக்க நினைக்கிறோம். குடும்ப ஜெபத்தில் கண்ணை மூட மறுக்கிறாள். "ஆஸ்பத்திரியில் நான் ஜெபம் பண்ணினேனே, இயேசப்பா ஏன் அம்மாவைக் காப்பாற்றவில்லை?" என்கிறாள். சபையின் ஞாயிறு வகுப்பான ஓய்வுநாள் பள்ளிக்கும் வருவதில்லை. அக்காவின் துப்பட்டா ஒன்றைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறாள். அவள் விசுவாசத்தை இழந்துவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. எப்படித் தேற்றுவது?

முதலில், அந்தத் துப்பட்டாவைத் துவைத்துவிடாதீர்கள். எவ்வளவு அழுக்கேறினாலும் சரி. அதில் மிச்சமிருக்கும் வாசனைக்காகத்தான் அதை வைத்திருக்கிறாள். நைந்து போகும் போலிருந்தால், அவளிடம் கேட்டுவிட்டு ஒரு துண்டை வெட்டி, இறுக மூடும் டப்பாவில் போட்டு வையுங்கள்.

அடுத்து அவளுடைய கேள்வி. யோவான் 11ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். சகோதரன் லாசருவை இழந்த மார்த்தாளும் மரியாளும் தனித்தனியே இயேசுவிடம் வந்து இதையேதான் கேட்கிறார்கள்: நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டானே. இருவரையும் இயேசு கடிந்துகொள்ளவில்லை. கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விடுகிறார். உங்கள் மகளும் கோபமாகத்தான் இருக்கிறாள். ஆளே இல்லை என்று நினைப்பவள் அவரிடம் கோபித்துக்கொள்ள மாட்டாள். "எனக்கும் தெரியவில்லை கண்ணு, சித்தியும் அவரிடம் அதைத்தான் கேட்கிறேன்" என்று சொல்லுங்கள். ஜெபத்தில் கண்ணைத் திறந்துகொண்டே உட்காரட்டும். ஓய்வுநாள் பள்ளிக்குச் சில மாதங்கள் போகாவிட்டால் ஒன்றும் கெட்டுவிடாது.

துக்க வீட்டில் நாம் வாய்க்கு வந்தபடி சொல்லும் சில ஆறுதல்கள் பெரியவர்களுக்குப் பொருந்தலாம். ஏழு வயதுக்குப் பொருந்தாது. "அம்மா நித்திரையடைந்தாள்" என்றால் தூங்கப் பயப்படுவாள். "கர்த்தருக்குப் பிரியமானவர்களை அவர் சீக்கிரம் எடுத்துக்கொள்வார்" என்றால், அடுத்து சித்தியையும் எடுத்துக்கொள்வாரோ என்று இரவெல்லாம் உங்கள் சேலையைப் பிடித்துக்கொண்டிருப்பாள். சபையில் யாராவது இப்படிச் சொல்ல வந்தால் தயங்காமல் பேச்சை மாற்றுங்கள். "அடிபட்டு அம்மாவின் உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது, டாக்டர்களால் சரிசெய்ய முடியவில்லை" என்று நேராகச் சொல்வதே நல்லது. பரலோக நம்பிக்கையை அதற்குப் பிறகு பேசலாம்.

"நான் ஜெபம் பண்ணினேனே" என்பதற்குள் இன்னொன்றும் ஒளிந்திருக்கலாம். தான் சரியாக ஜெபிக்கவில்லை, அன்று காலை அம்மாவிடம் முரண்டு பிடித்தோம், அதனால்தான் இப்படி ஆயிற்று என்று இந்த வயதுக் குழந்தைகள் தங்களையே குற்றம் சாட்டிக்கொள்வார்கள். வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள். அவள் கேட்காமலே நீங்கள் சொல்லுங்கள்: "நீ செய்த எதனாலும், செய்யாத எதனாலும் இது நடக்கவில்லை." ஒரு முறை சொன்னால் போதாது.

அழுதுகொண்டிருந்தவள் பத்து நிமிடத்தில் பாண்டி ஆடப் போனால், மறந்துவிட்டாள் என்று நினைக்காதீர்கள். குழந்தைகள் துக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்கி வைப்பார்கள். படுக்கையை நனைப்பதும் காரணமில்லாத வயிற்றுவலியும் வந்து போகும். ஆனால் சாப்பாடும் தூக்கமும் பல வாரங்கள் கெட்டிருந்தாலோ, "நானும் அம்மாவிடம் போகிறேன்" என்று சொன்னாலோ, ஆயரிடம் மட்டும் காட்டி நிறுத்திவிடாமல் குழந்தை மனநல மருத்துவரிடமும் அழைத்துப் போங்கள்.

தத்தெடுப்பைப் பொறுத்தவரை, முன்பு கிறிஸ்தவர்கள் 1890ஆம் ஆண்டுச் சட்டப்படி காப்பாளராக மட்டுமே ஆக முடிந்தது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் மதம் பார்ப்பதில்லை. தாயின் சகோதரி என்பதால் உறவினர் தத்தெடுப்பாகவே செய்யலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகி, மத்திய அரசின் தத்தெடுப்பு அமைப்பான காராவின் (CARA) இணையதளத்தில் பதியுங்கள். பெற்றோர் இருவருமே இல்லாததால் குழந்தைகள் நலக் குழுவின் அனுமதி வேண்டும். 5 வயது தாண்டியவள் என்பதால் அவளுடைய சம்மதமும் வேண்டும். 2022 செப்டம்பரிலிருந்து ஆணை பிறப்பிப்பவர் நீதிமன்றம் அல்ல, மாவட்ட ஆட்சியர். ஏற்கெனவே அவள் பெயருக்கு வந்துவிட்ட பெற்றோரின் சொத்து தத்துக்குப் பின்னும் அவளுடையதுதான். அத்தான் வீட்டாரிடம் இதை முதலிலேயே பேசிவிடுங்கள், பாதிச் சச்சரவு குறையும்.

ஆணைக்குப் பின் பிறப்புச் சான்றிதழில் பெற்றோராக உங்கள் பெயர்கள் வரும். அக்கா, அத்தான் பெயருள்ள பழைய சான்றிதழின் நகலை அவளுக்காகப் பத்திரப்படுத்துங்கள். வேதாகமத்தில் மொர்தெகாய், தாய் தகப்பனை இழந்த எஸ்தரைத் தன் மகளாகவே வளர்த்தான். ஆனால் அவள் ராணியான பிறகும் வேதாகமம் அவளை அபியாயேலின் குமாரத்தி என்றே சொல்கிறது. எனவே "இனி என்னை அம்மா என்று கூப்பிடு" என்று கேட்க வேண்டாம். சித்தி என்றே கூப்பிடட்டும். என்றைக்காவது வாய் தவறி அம்மா என்று வந்துவிட்டால், பெரிதாக்காமல் "என்னடா" என்று கேளுங்கள்.

மே மாதம் இரண்டாம் ஞாயிறன்று பல சபைகளில் அன்னையர் தின வாழ்த்து அட்டை செய்யச் சொல்வார்கள். அதற்குள் அவள் ஓய்வுநாள் பள்ளிக்குத் திரும்பியிருந்தால், முந்தின வாரமே ஆசிரியையிடம் தனியாகச் சொல்லி வையுங்கள்: அவளுக்கு மட்டும் இரண்டு அட்டைக்குக் காகிதம் கொடுக்கட்டும்.