ஓரகத்திக்கு முன்னாடி வயித்தை மறைச்சுக்கிட்டு நிக்கிறேன்

கேள்வி:

வணக்கம் மேடம், எனக்கு வயசு 26, திண்டுக்கல் பக்கம் ஒரு ஊரு, கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகுது, இப்ப 21 வாரம் நடக்குது, முதல் குழந்தை. கூட்டுக்குடும்பம்தான், மாமா, அத்தை, வீட்டுக்காரரோட அண்ணன், அக்கா அதாவது என் ஓரகத்தி, நாங்க ரெண்டு பேரு, எல்லாருக்கும் ஒரே அடுப்படி. நான் உண்டாகியிருக்கேன்னு தெரிஞ்சதுல இருந்து மாமா கடையை அடைச்சிட்டு வரும்போது மாதுளம்பழம் இல்லாம வர்றதே இல்ல, அதிகம் பேசமாட்டாரு, பையை டேபிள்ல வச்சிட்டுப் போயிடுவாரு. எங்க அம்மா காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணுன்னு போன் பண்ணிடுவாங்க. எல்லாம் சந்தோஷமாத்தான் இருக்கணும் மேடம், ஆனா என்னால முடியல.

காரணம் அக்காதான். அவங்களுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம், குழந்தை இல்ல. மதுரைல பாத்தாங்க, முதல்ல ஐயூஐ, அதாவது விந்தணுவைக் கர்ப்பப்பைக்குள்ள செலுத்துற சிகிச்சை, பண்ணி நிக்கல, போன வருஷம் ஐவிஎஃப் பண்ணி அதுவும் நிக்கல. நான் இந்த வீட்டுக்கு வந்தப்ப எனக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தது அவங்கதான், அத்தை எதுக்குக் கோவப்படுவாங்க எதுக்குப் படமாட்டாங்கன்றது வரைக்கும். இப்ப என்கிட்ட பேச்சே குறைஞ்சிடுச்சு, தட்டுல சோத்தைப் போட்டுக்கிட்டு ரூமுக்குப் போயிடுறாங்க. மூணாம் மாசம் நர்சம்மா பிக்மி நம்பருக்கு, அதாவது கர்ப்பிணிகளுக்கு அரசாங்கம் குடுக்குற பதிவு நம்பருக்குப் பதிய வீட்டுக்கு வந்திருந்தாங்க, எழுதிக்கிட்டே அக்காவைப் பாத்து உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கன்னு சாதாரணமாக் கேட்டுட்டாங்க, அன்னிக்கு உள்ள போனவங்க சாயங்காலம் வரைக்கும் வெளிய வரல.

அத்தை என்னைத் தனியாக் கூப்பிட்டு, அவ முன்னாடி வயித்தைத் தடவிக்கிட்டு நிக்காத, ஸ்கேன் படத்தைக் காட்டாத, கண்ணு பட்டுரும்ன்றாங்க. ஏழாம் மாசம் வளைகாப்பு, அன்னிக்கு அவளை அவ அம்மா வீட்டுக்கு அனுப்பிடலாம்னு வேற பேச்சு. நானும் அம்மாகிட்ட பேசணும்னா மொட்டை மாடிக்குப் போயிடுறேன், ஸ்கேன் பைலை பீரோவுல சேலைக்கு அடியில வச்சிருக்கேன்.

போன வாரம் சாம்பாருக்குத் தாளிச்சுக்கிட்டு நிக்கிறேன், அக்கா கீழ உக்காந்து சின்ன வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருக்காங்க, திடீர்னு உள்ள மீன் வாலடிச்ச மாதிரி ஒண்ணு. முதல் தடவை மேடம். "அக்கா"ன்னு வாய் வரைக்கும் வந்துடுச்சு, கரண்டியைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே முழுங்கிட்டேன். கடுகு கருகிப்போச்சு. அவங்க எந்திரிச்சு வந்து அடுப்பை அணைச்சிட்டு ஒண்ணும் சொல்லாமத் திரும்பப் போய் உக்காந்துட்டாங்க. அன்னிக்கு ராத்திரி ரொம்ப நேரம் அழுதேன். வீட்டுக்காரர்கிட்ட சொன்னா ஹார்மோன்தான், தூங்குன்றாரு. நான் சந்தோஷப்படுறது தப்பா? இப்படி அழுதா குழந்தைக்கு ஏதாவது ஆயிடுமா? அக்காகிட்ட நான் எப்படி நடந்துக்கணும்?

ஆலோசகர் பதில்:

முதல்ல குழந்தை விஷயத்தைச் சொல்லிடுறேன், அந்த பயத்தோட மீதியைப் படிச்சா மனசுல ஏறாது. ஒருநாள் ரெண்டுநாள் அழுறதால வயித்துல இருக்குற குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதும்மா. ஆனா ரெண்டு வாரத்துக்கு மேல தினம் அழுகை வருது, தூக்கம் இல்ல, சாப்பாடு பிடிக்கல, எதுலயும் மனசு ஒட்டலைன்னா அதை ஹார்மோன்னு ஒதுக்கக் கூடாது. உலகம் பூரா கர்ப்பமா இருக்குறவங்கள்ல சுமார் பத்துல ஒருத்தருக்கு மனச்சோர்வு மாதிரி ஏதாவது மனநலப் பிரச்சனை வருதுன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது, அதுக்கு உதவி இருக்கு. நீங்க பாக்குற டாக்டர்கிட்டயே சொல்லலாம், இல்லைன்னா 14416க்கு, டெலிமானஸ்னு அரசாங்கத்தோட இலவச நம்பர், போன் பண்ணித் தமிழ்லயே பேசலாம்.

சந்தோஷப்படுறது தப்பான்னு கேட்டீங்க பாருங்க, அதுலதான் எனக்கு வருத்தம். முதல் குழந்தை அசையறது பொதுவா 18ல இருந்து 20 வாரத்துல தெரிய ஆரம்பிக்கும், உங்களுக்கு அது சரியான நேரத்துல வந்திருக்கு, நீங்க அதை ஒரு திருட்டு மாதிரி முழுங்கியிருக்கீங்க. வீட்டுக்காரர்கிட்ட அழுகையைச் சொன்னீங்க, அசைவைச் சொன்னீங்களா? கடிதத்துல அது இல்ல. அவரை உக்கார வச்சு சொல்லுங்க, இன்னும் சில வாரத்துல அவர் கை வச்சாலே வெளிய தெரியும். மாமாவுக்கும் சொல்லலாம், பேசாத மனுஷங்களுக்குத்தான் இந்த மாதிரி சேதி ரொம்ப வேண்டியிருக்கும்.

இப்ப அக்கா. நீங்க மறைக்கிறது அவங்களுக்குத் தெரியாதுன்னா நினைக்கிறீங்க? அந்த அடுப்படில கடுகு ஏன் கருகுச்சுன்னு அவங்களுக்கு அப்பவே புரிஞ்சிருக்கும்னு நான் நினைக்கிறேன். எட்டு வருஷமா ஊர்ல ஒவ்வொரு விசேஷத்துலயும் தன்னைப் பாத்ததும் பேச்சை நிறுத்துறவங்களைப் பாத்துப் பழகினவங்க அவங்க. ஆறு பேர்ல ஒருத்தருக்கு வாழ்நாள்ல எப்பவாவது குழந்தைப்பேறு தடைபடுதுன்னு கணக்கு இருக்கு, இருந்தும் நம்ம ஊர்ல அதை ஒரு பொண்ணோட தலைல மட்டும் எழுதிடுறோம், அவங்க வீட்டுக்காரரை யாராவது இந்த மாதிரி அம்மா வீட்டுக்கு அனுப்புறாங்களா சொல்லுங்க. ஐவிஎஃப் நிக்காமப் போனதும் ஒரு இழப்புதான். அதுக்கு யாரும் துக்கம் விசாரிக்க வரமாட்டாங்க, மறுநாளே எந்திரிச்சு வெங்காயம் உரிக்கணும். உங்க மேல பாசமும் இருக்கலாம், உங்க வயித்தைப் பாக்க முடியாமயும் இருக்கலாம், ரெண்டும் ஒரே ஆளுக்கு ஒரே நேரத்துல வரும். அதுக்குப் பேரு கண்ணு வைக்கிறது இல்ல.

அத்தைகிட்ட திருஷ்டி உண்டா இல்லையான்னு வாதம் பண்ணாதீங்க, ஜெயிக்க மாட்டீங்க. சுத்திப்போடணும்னா போடட்டும், மிளகாயும் உப்பும் யாரையும் காயப்படுத்தாது. ஆனா வளைகாப்பு அன்னிக்கு அக்காவை வீட்டை விட்டு அனுப்புறது வேற கதை, அதை நிறுத்தணும், நீங்க இல்ல, உங்க வீட்டுக்காரர்தான் பேசணும். அம்மாகிட்ட மகன் பேசுற பேச்சை மருமக பேசினா வேற அர்த்தம் ஆயிடும்.

அக்காகிட்ட நீங்க பேச வேண்டியது ஒண்ணுதான் இருக்கு, தேதி குறிக்கறதுக்கு முன்னாடி பேசிடுங்க. நாலு பேர் இருக்கும்போது வேணாம். நேர்ல சொன்னா உடனே சிரிச்சுக் காட்ட வேண்டிய கட்டாயம் வந்துடும், ஒரே வீடா இருந்தாலும் பரவால்ல, வாட்ஸ்அப்ல அனுப்புங்க, அவங்க ரூம்ல தனியாப் படிச்சு அழணும்னா அழுதுக்கட்டும். "அக்கா, வளைகாப்புப் பேச்சு நடக்குது. நீங்க இருந்தா எனக்கு ரொம்ப சந்தோஷம், முடியாதுன்னாலும் நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன், நானே வீட்ல சொல்லிக்கிறேன். உங்ககிட்ட பேசாம இருக்குறது எனக்குக் கஷ்டமா இருக்கு." இவ்வளவு போதும். உங்களுக்கும் சீக்கிரம் நடக்கும்க்கா, அந்தக் கோயிலுக்குப் போயிட்டு வாங்க, இந்த மாதிரி ஒரு வார்த்தை கூட வேணாம்.

இன்னொண்ணு. சில வீடுகள்ல வளைகாப்பு முடிஞ்சதும் குழந்தை இல்லாதவங்களைப் பக்கத்துல உக்கார வச்சு, கர்ப்பிணிக்குப் போட்ட வளையலைக் கழட்டி அவங்க கையில போட்டு மடி நிரப்புவாங்க. நல்ல எண்ணத்துல பண்றதுதான், சிலபேர் ஆசையா வந்து உக்காருவாங்க, சிலபேருக்கு அம்பது பேர் முன்னாடி அது தண்டனை. அவங்களைக் கேக்காமப் பண்ண விடாதீங்க.

பதில் வரலைன்னா வரட்டும்னு விட்டுருங்க, திரும்பத் திரும்பக் கேக்காதீங்க. வந்தாலும் பழைய மாதிரி உடனே ஆகும்னு நான் சொல்லமாட்டேன், குழந்தை பிறந்த பிறகும் கொஞ்சநாள் அவங்க தள்ளியே நிக்கலாம். வளைகாப்பு முடிஞ்சா நீங்க அம்மா வீட்டுக்குப் போயிடுவீங்க, அப்புறம் பிரசவம், கைக்குழந்தை, பேசுறதுக்கே நேரம் இருக்காது, அதனாலதான் இப்பவே சொல்றேன்.

மொட்டை மாடிக்குப் போறதையும் விட்டுருங்க, ஆறாம் மாசம் வேற, ராத்திரில அந்தப் படி ஏறி இறங்க வேணாம். உங்க ரூம்ல உக்காந்தே அம்மாகிட்ட பேசுங்க. பைலை சேலைக்கு அடியில இருந்து எடுத்துக் கைக்கு எட்டுற இடத்துல வைங்க, அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடும்போது முதல்ல அதைத்தான் கேப்பாங்க. அடுத்த செக்கப்புக்கு வீட்டுக்காரரைக் கூட்டிட்டுப் போய், இந்த அழுகை விஷயத்தை அவர் பக்கத்துல இருக்கும்போதே டாக்டர்கிட்ட சொல்லுங்க, ஹார்மோன்தானான்னு அவங்க சொல்லட்டும்.