பண்டாரவளையில் பட்டாணி போடலாமா?

கணவரின் தொழில் காரணமாகக் கோயம்புத்தூரிலிருந்து இலங்கையின் ஊவா மலைப்பக்கத்துப் பண்டாரவளைக்குக் குடிவந்திருக்கும் தங்கை, வீசா நீடிப்பு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வீட்டின் பின்புறத்தில் பட்டாணி வளருமா என்று மூன்றைக் கேட்டிருக்கிறீர்கள். வீசாவைப் பத்தரமுல்லையிலுள்ள குடிவரவுத் திணைக்களத்தில்தான் விசாரிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தை அயலவர்கள் சொல்வார்கள். பட்டாணிக்கு நான் பதில் சொல்கிறேன்.

ஊருக்குப் போய்வரும்போது விதையைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. விதைக்கு முன்அனுமதி வேண்டும். சேலை மடிப்புக்குள் விதையை ஒளித்துவந்ததை நம்மவர்கள் சிலர் சாமர்த்தியமாகப் பேசுவது எனக்குப் பிடிப்பதேயில்லை. அந்த விதையோடு ஒரு நோய் வந்து சேர்ந்தால், மரக்கறி செய்து பிழைக்கும் இங்குள்ள குடும்பங்களின் வயிற்றில்தான் அடி விழும்.

மலையென்றால் குளிர், குளிரென்றால் பட்டாணி என்று எண்ணி எந்த மாதத்திலும் விதைப்பது நம்மவர்களின் இன்னொரு வழக்கம். 13 முதல் 18 பாகை வரையிலான குளிர் பட்டாணிக்கு உகந்ததுதான். ஆனால் வேரடியில் நீர் நின்றால் அது அழுகிவிடும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், நுவரெலியாப் பக்கத்தை நனைக்கும்போது, உங்கள் ஊவாப் பக்கம் காற்றில் காய்ந்து கிடக்கும். உங்களுக்கு அடைமழை ஒக்டோபருக்குப் பிறகுதான். அது தணியும் ஜனவரியில் விதைத்தால், வெயில் ஏறுவதற்குள் காய் பறிக்கலாம். நுவரெலியாவில் எங்களுக்கு உறைபனியும் உண்டு; அது இளஞ்செடியை அவ்வளவாகத் தொடாது, பூவையும் பிஞ்சையும்தான் கருக்கும் என்பதால், பூக்கும் காலம் மார்ச்சில் விழும்படி பார்த்து விதைப்பேன்.

1990களில் நான் மருமகளாக இங்கு வந்தபோது, துணி காயாத அந்த ஈரத்தில் அழுதுகொண்டிருந்த என்னைத் தோட்டத்துக்கு இழுத்துச் சென்றவர் என் மாமி. தேயிலை நின்ற மண் புளிப்பு மண் என்பதால், விதைப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பே புளிப்பைத் தணிக்கும் டொலமைற் என்ற சுண்ணாம்புக்கல் தூளைக் கலந்து, பாத்தியை முழங்கால் உயரத்துக்குக் கட்டச் செய்தார். ஓரங்குல ஆழத்தில், மூன்றங்குல இடைவெளியில் விதையை ஊன்றி, கொடி பற்றியேறக் தேயிலையைக் கவாத்து செய்த மலையிலிருந்து கொண்டுவந்த மிலாறுகளை, அதாவது வெட்டிய தேயிலைக் குச்சிகளை, குத்திவைப்பார். காசு கொடுத்து வலை வாங்கும் புதியவர்களைக் கண்டால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும்.

யூரியாவைக் கொட்டாதீர்கள், இலைதான் பெருகும், காய் குறையும். பட்டாணி வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைதரசனைத் தாமே பிடித்துக் கொடுக்கின்றன. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்து, அயலில் உருளைக்கிழங்கு போட்டவர்கள் கலங்கி நின்றபோது, என் பட்டாணிப் பாத்தி மாட்டெருவோடு ஒப்பேறியது.

இலையில் வெண்பொடி படர்ந்தால் அவற்றைக் கிள்ளி அகற்றுங்கள். காற்றோட்டம் இருந்தால் அது குறையும். காய் திரண்டதும் இரண்டு நாளுக்கொருமுறை பறியுங்கள். தாமதித்தால் இனிப்பு மாவாகிவிடும். பறித்து முடிந்தபின் செடியைப் பிடுங்காமல் அடியில் வெட்டி, வேரை மண்ணிலேயே விட்டு, அந்த இடத்தில் வெங்காயத்தாள் போன்ற லீக்ஸ் நடுங்கள். போஞ்சி, நம்மூர் பீன்ஸ், வேண்டாம், பட்டாணியின் நோய்கள் சில அதற்கும் வரும். லீக்ஸைக் கண்டு நானும் முதலில் முகம் சுளித்தவள்தான். இப்போது உருளைக்கிழங்கோடு வதக்கி வைத்தால் ஊரிலிருந்து வரும் என் அண்ணன் இரண்டாம் முறை சோறு கேட்கிறார்.