ஐடில ஆள் பத்தலைங்கறாங்க, எனக்கு ஏன் ஒரு இன்டர்வியூ காலும் வரல? - பதில்

வணக்கம் அண்ணே, 46 வயசுல ரிட்ரெஞ்ச் ஆகி (ஆள்குறைப்புல வேலை போயி), டெஸ்டிங், சர்வர் சப்போர்ட்னு இத்தனை வருஷ அனுபவம் இருந்தும் ஆறு மாசமா ஒரு இன்டர்வியூகூட வரலைன்னு எழுதியிருக்கீங்க, படிச்சதும் மனசு கஷ்டமாயிருச்சு.

ஆள் பத்தலங்கறது முழுப்பொய் கிடையாது, ஆனா எல்லா ஐடி வேலைக்கும் சேத்து சொல்றாங்க பாருங்க, அதான் தப்பு. சிங்கப்பூர் மனிதவள அமைச்சோட ஆள் பற்றாக்குறைப் பட்டியல்ல, ஐடின்னு பாத்தா ஏஐ, சைபர் செக்யூரிட்டி மாதிரி குறிப்பிட்ட வேலைங்கதான் இருக்கு. நான் ரெக்ரூட்டிங்ல இருக்கேன், ஒரே ஆளுக்கு ஜாவா, கிளவுட், நெட்வொர்க் எல்லாத்துலயும் அஞ்சு வருஷ அனுபவம் கேப்பாங்க, சம்பளம் ஜூனியருக்குக் குடுக்கறது, அப்புறம் ஆளே கிடைக்கலம்பாங்க, ரொம்ப அநியாயம் இது. கத்துக்குடுத்து எடுக்க மனசில்ல.

இன்னொண்ணு, வெளிநாட்டு ஆளுக்கு இபி (எம்ப்ளாய்மென்ட் பாஸ், வேலை அனுமதி) அப்ளை பண்றதுக்கு முன்னாடி பெரும்பாலான கம்பெனிங்க மைகரியர்ஸ்ஃபியூச்சர்ங்கற அரசாங்க வேலைவாய்ப்பு தளத்துல 14 நாள் விளம்பரம் போட்டாகணும், சில இடத்துல ஆள் ஏற்கனவே முடிவாயிருக்கும், அங்க பதில் வரலன்னா உங்க ரெஸ்யூமே மேல பழி போடாதீங்க.

சான்றிதழா சேத்துட்டே போறத கொஞ்சம் நிறுத்துங்க. டபிள்யூஎஸ்ஜியோட (வொர்க்ஃபோர்ஸ் சிங்கப்பூர், அரசாங்க அமைப்பு) கரியர் கன்வர்ஷன் புரோகிராம், அதாவது வேற வேலைக்கு மாறறதுக்கான திட்டம், பாருங்க, கம்பெனி முதல்ல வேலைக்கு எடுத்துட்டு அப்புறம்தான் பயிற்சி, 40 வயசு தாண்டினவங்களுக்குப் பயிற்சிக் காலச் சம்பளத்துல 90% வரைக்கும் (உச்சவரம்பு உண்டு) கம்பெனிக்கு உதவித்தொகை கிடைக்கும். இத கவர் லெட்டர் முதல் வரியிலயே போடுங்க, சின்ன கம்பெனி எச்ஆர் நிறைய பேருக்கு இது தெரியவே தெரியாது. உங்க ரெஸ்யூமேய, பேர் நம்பர் எடுத்துட்டு, இங்க போடுங்கண்ணே, நான் பாக்கறேன்.