கிளாசிக்கல் கிட்டார் கற்க யமஹா சி40 போதுமா? கடையில் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

போதும். ஆனால் பெயரை நம்பிக் கடைக்காரர் நீட்டுகிற முதல் பெட்டியையே தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். இந்த விலையில் ஒரே மாடலின் இரண்டு கிட்டார்களை அடுத்தடுத்து வாசித்தாலே வித்தியாசம் தெரியும். மூன்று நான்கு எடுத்துப் போடச் சொல்லுங்கள்.

"சாலிட் டாப் இல்லையாமே" என்று கேட்டிருக்கிறீர்கள். சாலிட் டாப் என்றால் ஒட்டுப்பலகை அல்லாத முழு மரப்பலகை. உண்மைதான், சி40-இன் மேற்பலகை ஸ்ப்ரூஸ் மரத் தகடுகளை ஒட்டிய பிளை. முழுப்பலகை போட்டதில் நாதம் இன்னும் விரிந்து வரும், வாசிக்க வாசிக்க மெருகேறும். அது வேண்டுமென்றால் அதே நிறுவனத்தின் சிஜி122 இருக்கிறது, ஸ்ப்ரூஸிலும் சீடரிலும் கிடைக்கும். விலை கணிசமாகக் கூடும். தொடக்கத்தில் நாதத்தைக் கெடுப்பது பலகை அல்ல, நம் விரல்தான். தவிர, பிளை பலகை ஏசி அறையின் வறட்சிக்கும் மழைக்கால ஈரத்துக்கும் அவ்வளவு சீக்கிரம் வெடிக்காது.

நான் உண்மையில் கவலைப்படுவது ஸ்ட்ரிங் உயரம் பற்றி. ஒரு சின்ன ஸ்டீல் ஸ்கேல் கொண்டுபோங்கள். 12-ஆவது ஃப்ரெட்டின் (நெக்கில், அதாவது கழுத்துப் பகுதியில், குறுக்கே பதித்த உலோகக் கம்பி) மேல்முனைக்கும் ஸ்ட்ரிங்கின் அடிப்பக்கத்துக்கும் உள்ள இடைவெளி தடித்த 6-ஆவது ஸ்ட்ரிங்கில் சுமார் 4 மி.மீ., மெல்லிய 1-ஆவதில் சுமார் 3 மி.மீ. இருக்கலாம். மலிவு கிட்டார்களில் இது 5-ஐத் தொடுவது சாதாரணம். அதில் பழகினால் ஒரே விரலைக் குறுக்கே வைத்துப் பல ஸ்ட்ரிங்கை அழுத்தும் பாரே கார்டு பிடிக்கும்போது கை கடுக்கும், "எனக்கு வராது போல" என்று மூலையில் வைத்துவிடுவீர்கள். சரிசெய்யலாம்: மேற்பலகையில் ஸ்ட்ரிங் கட்டும் கட்டை பிரிட்ஜ், அதில் ஸ்ட்ரிங் ஏறி உட்காரும் பட்டை சேடில். அந்தச் சேடிலின் அடியைத் தேய்க்க வேண்டும், 12-ஆவது ஃப்ரெட்டில் 1 மி.மீ. இறங்க சேடிலில் 2 மி.மீ. போக வேண்டும். அவ்வளவு தேய்க்கச் சேடிலில் உயரம் மிச்சம் இருக்கிறதா என்பதையும் அங்கேயே பாருங்கள்.

அடுத்து நெக். பெரும்பாலான கிளாசிக்கல் கிட்டார்களில் நெக்கின் உள்ளே ஓடும் ட்ரஸ் ராடு என்ற உலோகத் தண்டு கிடையாது, வளைந்தால் திருகிச் சரிசெய்ய வழியில்லை. ஒரே ஸ்ட்ரிங்கை 1-ஆவது ஃப்ரெட்டிலும் 12-ஆவதிலும் சேர்த்து அழுத்திக்கொண்டு 6-ஆவது ஃப்ரெட் பக்கம் பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி நல்லது. அதைவிட நிறைய இருந்தாலோ இடைவெளியே இல்லாமல் ஒட்டிக்கொண்டாலோ, அடுத்த கிட்டாரை எடுங்கள்.

சுருதி சோதனைக்கு மொபைல் ட்யூனர் போதும். 12-ஆவது ஃப்ரெட்டில் ஹார்மோனிக் (அழுத்தாமல் விரலால் லேசாகத் தொட்டு மீட்டுவது) ஒருமுறை, அதே இடத்தில் அழுத்தி ஒருமுறை. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக நிற்க வேண்டும். 3-ஆவது ஸ்ட்ரிங் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்தால் மன்னித்துவிடலாம். தடித்த வெறும் நைலான், நல்ல கிட்டாரிலும் அது அப்படித்தான். எல்லாமே ஏறி ஒலித்தால் வேண்டாம்.

எல்லா ஃப்ரெட்டிலும் ஒவ்வொரு ஸ்வரமாக வாசித்து இரைச்சல் வருகிறதா என்று கேளுங்கள், நெக்கின் ஓரத்தில் கையை ஓட்டி ஃப்ரெட் முனை கீறுகிறதா என்று பாருங்கள். அப்புறம் கிட்டாரை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு எதிரே நின்று கேளுங்கள். மடியில் வைத்திருப்பவருக்குக் கேட்பது பாதிச் சத்தம்தான்.

அளவைப் பொறுத்தவரை இது முழு அளவு: ஸ்ட்ரிங் நீளம் 650 மி.மீ., நட் (நெக்கின் தலைப்பக்கம் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் பட்டை) அகலம் 52 மி.மீ. ஸ்டீல் அக்கூஸ்டிக்கில் பழகியவர்களுக்கு முதலில் நெக் அகலமாகத் தோன்றும். சிறு பிள்ளைக்கென்றால் 580 மி.மீ. நீளமுள்ள சிஎஸ்40 பாருங்கள்.

வாங்கியதும் ஸ்ட்ரிங்கை மாற்றுங்கள். டாடாரியோ நிறுவனத்தின் ஈஜே45 மாதிரி நார்மல் டென்ஷன் (நடுத்தர இழுவிசை) ஸ்ட்ரிங் செட் போட்டபிறகுதான் அந்தக் கிட்டாரின் குரலே தெரியும். புது நைலான் சில நாட்களுக்கு இழுபட்டுச் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும், சுருதி கூட்டும் சாவியில் கோளாறு என்று பயப்பட வேண்டாம். "ஸ்டீல் மாட்டினா சத்தம் கணீர்னு வரும் சார்" என்று யாராவது சொன்னால் மட்டும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். நைலான் செட்டின் மொத்த இழுவிசை 40 கிலோவை ஒட்டி இருக்கும். ஸ்டீல் செட்டுக்கு 70-ஐத் தாண்டும். பிரிட்ஜ் பெயர்ந்துவிடும். பழைய கிட்டார் வாங்குவதானால் பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். உள்ளே போனால், பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம்.