இடிந்த வீட்டின் கல்லையே வைத்துத் திரும்பக் கட்டலாமா?

கேள்வி: நிலநடுக்கத்தில் ஒரு மலைக்கிராமத்தில் நாற்பது கல்வீடுகள் இடிந்துவிட்டன. எங்கள் சிறு தன்னார்வக் குழு அவற்றைத் திரும்பக் கட்ட உதவப்போகிறது. முழுக் கான்கிரீட் வீட்டுக்குப் பணம் போதாது. கல், மண், மரம் இதில் எது மலிவு, எது பாதுகாப்பு? ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் மொத்தமாக ஒப்படைத்துவிடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். ஒப்படைக்காதீர்கள். நாற்பது வீட்டையும் ஒரே அச்சில் எழுப்பிச் சாவியைக் கொடுத்துவிட்டு வருவது உங்களுக்குச் சுலபம்தான். ஆனால் ஐந்து வருடம் கழித்து மகனுக்குக் கல்யாணமானால் அந்தக் குடும்பம் பக்கத்தில் இன்னோர் அறை எடுக்கும். அதைக் கட்டப்போவது உள்ளூர்க் கொத்தனார். அவருக்கு நீங்கள் எதையும் சொல்லித் தந்திருக்காவிட்டால், இடிந்த வீட்டில் இருந்த அதே தவறு புது அறையிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

2001 பூகம்பத்துக்குப் பிறகு குஜராத்தில் அரசு பணத்தைப் பெரும்பாலும் வீட்டுக்காரர்களிடமே தவணையாகக் கொடுத்தது. ஒரு கட்டம் முடிந்து, பொறியாளர் வந்து பார்த்துச் சரி என்ற பிறகே அடுத்த தவணை. சிறிய அளவில் உங்களாலும் இதைச் செய்ய முடியும்.

சரி, எது மலிவு? கண்ணெதிரே இடிந்து கிடப்பதுதான். கல், உத்தரம், கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் தரம் பிரித்து அடுக்கச் சொல்லுங்கள். தற்காலிகக் கொட்டகைக்குத் தகரம் வாங்குவதாக இருந்தால், பிறகு வீட்டுக் கூரைக்கும் ஆகிற கனத்தில் வாங்குங்கள்.

இதைச் சொன்னதும் ஊரில் ஒருவர் எழுந்து, "இந்தக் கல்தானே எங்களைக் கொன்றது, திரும்ப அதையேவா?" என்று கேட்பார். நியாயமான பயம். மகாராஷ்டிரத்தின் லாத்தூர் நிலநடுக்கத்தில் நடந்ததை அவருக்குச் சொல்லுங்கள். 1993 செப்டம்பர் 30, விடிவதற்கு முன் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்த நேரம். ரிக்டர் கணக்கில் ஆறைச் சற்றே தாண்டிய அதிர்வுதான். ஆனால் சுவர்கள் தடிமனானவை. வெளிப்பக்கம் ஒரு வரிசைக் கல், உள்பக்கம் ஒரு வரிசைக் கல், நடுவில் சல்லியும் மண்ணும். இரண்டு வரிசையையும் இணைக்கும் கல் அநேகமாக இல்லை. மேலே மரச்சட்டத்தின் மீது கனமான மண் கூரை. ஆட்டம் வந்ததும் சுவர் இரண்டாகப் பிளந்து சரிந்தது. மக்கள் பழியைக் கல்லின் மேல் போட்டார்கள். ஆளைக் கொன்றது சுவரைக் கட்டிய விதமும் தலைக்கு மேலிருந்த பாரமும்தான்.

ஆகவே உங்கள் பணத்தைப் பொருளைவிடக் 'கட்டு' பலமாக இருப்பதற்குச் செலவழியுங்கள். கல் சுவரின் தடிமன் 45 செ.மீ.க்கு மேல் வேண்டாம். உயரத்தில் 60 செ.மீ.க்கு ஒன்று, நீளவாக்கில் சுமார் 1.2 மீட்டருக்கு ஒன்று என்று, சுவரின் முழுத் தடிமனுக்கும் போகிற நீளக்கல் வைக்க வேண்டும். அவ்வளவு நீளக்கல் கிடைக்கவில்லையா? கம்பி வைத்த கான்கிரீட் துண்டுகளை முன்கூட்டியே வார்த்துக்கொள்ளுங்கள். அதற்குத் தனி ஆள் வேண்டாம், வீட்டுக்காரர்களே மரச்சட்டத்தில் வார்த்துவிடலாம்.

அடுத்தது பெல்ட், அதாவது சுவர்களை ஒன்றாகப் பிணைக்கும், கம்பி வைத்த கான்கிரீட் பட்டை. அஸ்திவாரத்துக்கு மேல் ஒன்று, கதவு ஜன்னல் தலைமட்டத்தில் ஒன்று, கூரை உட்காரும் இடத்தில் ஒன்று என்று எல்லாச் சுவரையும் சுற்றி வர வேண்டும். ஒற்றை மாடிச் சிறிய வீட்டுக்கு 7.5 செ.மீ. கனமுள்ள பெல்ட்டுக்குள் இரண்டு கம்பி ஓடினாலே பெரும்பாலும் போதும். கம்பியின் கனத்தை உங்கள் பொறியாளர் சொல்லட்டும். நீங்கள் போய் நின்று பார்க்க வேண்டிய இடம் மூலை. கம்பி மூலையோடு நின்றுபோனால் அந்தப் பெல்ட் இருந்தும் இல்லாத மாதிரிதான். வளைந்து திரும்பி, பக்கத்துச் சுவருக்குள் ஏறக்குறைய 60 செ.மீ. போய், அங்கிருக்கும் கம்பியோடு சேர்ந்து கட்டப்பட வேண்டும். கான்கிரீட் போட்ட பிறகு இது கண்ணுக்குத் தெரியாது. அதனால் தவணைக்கான சோதனையைக் கம்பி கட்டிய அன்றே வையுங்கள்.

மலைப்பாதையில் கம்பியும் சிமெண்டும் ஏற்ற முடியாவிட்டால் மரத்திலேயே பெல்ட் போடலாம். இரண்டு சட்டங்களை இணையாகப் படுக்கவைத்து, குறுக்கே துண்டுகள் அடித்து, ஏணியைப் படுக்கப்போட்டது போல. காஷ்மீரின் 'தஜ்ஜி திவாரி' வீடுகள் மரச்சட்டம் அடித்து, இடைவெளிகளில் கல்லும் மண்ணும் நிரப்பியவை. 2005 நிலநடுக்கத்தில் அவை நன்றாகவே தாக்குப்பிடித்தன. பாகிஸ்தான் பக்கத்தில் முதலில் இந்த முறைக்கு அரசு அனுமதி இல்லை, பிறகு ஏற்றுக்கொண்டார்கள். உங்கள் பகுதியின் உதவித்தொகை விதிகள் இதற்கு இடம் தருகின்றனவா என்று முதல் வாரமே கேட்டுவிடுங்கள்.

கல்லுக்குப் பதில் மண் கட்டியில் சுவர் எழுப்பலாமா என்று யோசித்தால், மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மீதி தண்ணீருமாக ஊற்றி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குலுக்கி ஒரு நாள் வையுங்கள். அடியில் மணல், நடுவில் வண்டல், மேலே களிமண் என்று படியும். மணல் பாதிக்கு மேல் இருந்து, களிமண்ணும் ஓரளவு இருந்தால், சிமெண்ட் கொஞ்சம் கலந்து அழுத்துகிற மண் கட்டிக்கு ஏற்ற மண் என்று ஒரு முதல் கணிப்புக்கு வரலாம். ஆனால் கட்டிகளை நாலு வாரம் ஈரமாக வைத்திருக்க வேண்டும். தண்ணீர் தட்டுப்பாடான ஊர் என்றால் இந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

இனி, நிறையப் பேர் கோட்டைவிடும் விஷயம். 2015 நிலநடுக்கத்துக்குப் பிறகு நேபாளத்தில் வீட்டுக்கு மூன்று லட்சம் நேபாள ரூபாய், மூன்று தவணையாகக் கொடுத்தார்கள். தவணை தவறிவிடக் கூடாதே என்று பலர் விதிக்கு ஏற்ற ஒற்றை அறையைக் கட்டி முடித்தார்கள். அதில் தானியம் வைக்க இடமில்லை, அடுப்புக்கு இடமில்லை. அப்புறம் என்ன, விரிசல் விட்ட பழைய வீட்டிலேயே சமையலும் படுக்கையும் தொடர்ந்தது பலருக்கு.

வரைபடம் போடும் முன் வீட்டுப் பெண்களைக் கூட்டி, தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு அறைகளைக் காட்டுங்கள். உள்ளே நடந்து பார்க்கட்டும். தாளில் பத்துப் பேர் தலையாட்டிய திட்டம் தரையில் ஒரு மணி நேரத்தில் மாறிவிடும், பார்த்திருக்கிறேன்.

கொத்தனார் பயிற்சிக்கு மாதிரி வீடு ஒன்று கட்டுவார்கள். அதைக் காட்சிப்பொருளாக நடு ஊரில் கட்ட வேண்டாம். தானாகக் கட்டிக்கொள்ள ஆளில்லாத வயதானவர் ஒருவர் எப்படியும் இருப்பார், அவர் மனையில் கட்டுங்கள். ஊரின் எல்லாக் கொத்தனார்களும் அதில் கூலிக்கு வேலை செய்யட்டும். வாடகைக்கு இருந்தவர்களையும் பட்டா இல்லாதவர்களையும் பட்டியலில் முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள், கடைசியில் விட்டுப்போவது அவர்கள்தான்.

இதற்கெல்லாம் முன்னால், நாற்பது மனைகளுக்கும் மேலே உள்ள சரிவை ஒரு நிலவியலாளர் ஏறிப் பார்க்கட்டும். அதிர்வில் தளர்ந்த மலை முதல் மழையில் இறங்கும். அப்படிப்பட்ட மனைகளுக்கு மட்டும் வேறு இடம் தேடுங்கள், ஊரையே பெயர்க்க வேண்டியதில்லை.